தூக்கி வந்தவர்களின் விசுவாசம்

சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் சுகமளிக்கும் கூட்டங்களை நடத்துகிற ஆயர்கள், போதகர்கள், சுவிசேஷகர்கள், ஜெபக்குழுத் தலைவர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றின் லைன் வீட்டில் பிறந்தவள் நான். சேலத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வார்டு நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். ஜெபத்தில் நம்பிக்கையில்லாத ஒருத்தி எழுதுகிறாள் என்று இந்த மடலை ஒதுக்கிவிடாதீர்கள். இரவுப் பணியில், டாக்டர்கள் கைவிரித்துவிட்ட படுக்கைகளின் ஓரத்தில் நின்று எத்தனையோ முறை ஜெபித்திருக்கிறேன். சிலர் பிழைத்தார்கள். எப்படிப் பிழைத்தார்கள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. கர்த்தர் தொட்டார் என்றே நம்புகிறேன். பலர் விடிவதற்குள் இறந்துபோனார்கள். அவர்களையும் அவர் தொட்டார் என்றே நம்புகிறேன்.

சென்ற மாதம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு அடிவாரம் போகும் வழியில் ஒரு சுவரொட்டியைப் பார்த்தோம். குருடர் பார்ப்பார்கள், முடவர் நடப்பார்கள் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சின்ன எழுத்தில் வலிப்பு, சர்க்கரை, புற்றுநோய், பில்லி சூனியம் என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டிருந்தார்கள். என்னோடு வந்த தம்பி அதை முழுவதும் படித்தான். ஒன்றும் சொல்லவில்லை. வலது கையை மட்டும் மெல்லச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

தம்பிக்குப் பதினான்கு வயதில் வலிப்பு வந்தது. பினோபார்பிட்டோன் மாத்திரையில் அது அடங்கிற்று. 1994ஆம் ஆண்டு அவனுக்குப் பத்தொன்பது வயது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. தோட்டத்தில் பழம் பறித்தான், மரமேறி மிளகு பறித்தான், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பாடினான். இதைவிட என்ன சுகம் வேண்டும் என்று நான் அம்மாவிடம் கேட்பேன். மாத்திரை தின்றால்தான் சரியாக இருக்கிறான் என்றால் நோய் உள்ளேதானே இருக்கிறது என்பார் அம்மா. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவர் அவர். பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போகும் வீட்டில் என்ன சொல்வது என்பதே அவருடைய கவலை.

அந்த ஆண்டு கார்த்திகையில் சேலத்தில் மூன்று நாள் கூட்டம் நடந்தது. பேசியவர் வெளியூரிலிருந்து வந்த ஊழியர். அவர் பெயரோ, நடத்தியவர்கள் பெயரோ இங்கே தேவையில்லை. அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினார். கடைசி இரவு, கர்த்தரை முழுதாக நம்புகிறவர்கள் மாத்திரைகளைக் கொண்டுவந்து போடுங்கள் என்று ஒலிபெருக்கியில் அழைப்பு வந்ததாம். பிளாஸ்டிக் வாளி ஒன்று வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது. தம்பி தன் மாத்திரை அட்டையை அதில் போட்டான். மேடையில் ஏற்றினார்கள், சாட்சி சொன்னான், கூட்டம் கைதட்டிற்று. நான் அன்று வார்டில் இரவுப் பணியில் இருந்தேன். மைதானத்துக்கும் என் வார்டுக்கும் நடந்து போகும் தூரம்தான்.

பதினொன்றாம் நாள், மார்கழிக் குளிரில், விடியுமுன் அடுப்பு மூட்டிக் காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவன் வலிப்பு வந்து விறகடுப்பின் மேலேயே விழுந்தான். வலது கை அடுப்புக்குள் போயிருந்தது. அம்மா இழுத்துப் போட்டார். வலிப்பு நிற்கவில்லை. ஒன்று முடியுமுன் இன்னொன்று. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் வரும் என்பது நர்சிங் பள்ளியில் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அதிலிருந்த இரண்டு மாத்திரைகளை அவன் வாயில் போடப் பார்த்திருக்கிறார். பல் கிட்டிப்போயிருந்தது.

அந்த இரண்டு மாத்திரைகள் எங்கிருந்து வந்தன என்று அன்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது தெரிந்தது 2009இல், அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது. வாளி வரிசையில் வந்துகொண்டிருந்தபோதே அட்டையிலிருந்து இரண்டைப் பிதுக்கி எடுத்து முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறார். தாய் மனம். பதினைந்து ஆண்டுகள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால், தம்பி வார்டில் கிடந்தபோது கூட்டத்தை ஒழுங்குசெய்தவர்களில் ஒருவர் பார்க்க வந்தார். கர்த்தர் செய்துமுடித்த காரியம் இது, விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஓட்டை தன் முந்தானை முடிச்சுதான் என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். என் அவிசுவாசம் என் பிள்ளையின் கையைத் தின்றுவிட்டது என்று என்னிடம் சொல்லி அழுதார். ஐந்து நாள் கழித்து இறந்துபோனார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னதை நம்பித்தான் போனாரா என்று எனக்குத் தெரியாது.

ஐயா, அம்மா, உங்களிடம் என் வழக்கு இதுதான். தம்பியின் கைக்காகக்கூட அல்ல. அம்மாவின் அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்காக.

நீங்கள் வேதத்தை என்னைவிட அதிகம் படித்தவர்கள். ஆனாலும் இரண்டு இடங்களை உங்களோடு சேர்ந்து திரும்பப் படிக்க ஆசைப்படுகிறேன். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வலிப்பு வரும் மகனைக் கொண்டுவருகிறான். அது அவனை அநேகந்தரம் தீயிலும் தண்ணீரிலும் தள்ளிற்று என்கிறான். அந்த வரியை இப்போதெல்லாம் என்னால் சத்தமாக வாசிக்க முடிவதில்லை. சீஷர்கள் முயன்று பார்த்து முடியாமல் நிற்கிறார்கள். தகப்பனிடம் முழு விசுவாசம் இல்லை; பாதிதான் இருக்கிறது என்று அவனே கண்ணீரோடு சொல்கிறான். அந்தப் பாதியைக் கர்த்தர் தள்ளவில்லை, அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டார். பிறகு சீஷர்கள் தனியாக வந்து எங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்கிறார்கள். மத்தேயு பதினேழில் பதில் இருக்கிறது: உங்கள் அவிசுவாசத்தினாலேதான். உங்கள் என்றார். யாரை? ஜெபித்தவர்களை. பையனைச் சொல்லவில்லை, தகப்பனைச் சொல்லவில்லை. வேதத்தில் வலிப்பு நோயாளியைப் பற்றி இவ்வளவு விரிவாக வரும் கதையில், சுகம் தாமதமானதற்கு விசுவாசக் குறைவு என்ற குற்றச்சாட்டு விழுந்தது ஊழியக்காரர்கள் தலையில். எங்கள் வீட்டில் அது என் அம்மாவின் தலையில் விழுந்தது.

இரண்டாவது இடம் மாற்கு இரண்டு. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் நுழைய வழியில்லை. கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு என்று எழுதியிருக்கிறது. கட்டிலில் கிடந்தவனிடம் நீ நம்புகிறாயா என்று அவர் கேட்கவில்லை. அவன் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட எழுதப்படவில்லை. அவர் பார்த்தது, வியர்த்து விறுவிறுத்துக் கூரைமேல் நின்றவர்களை.

எங்கள் மலையில் பிறந்த எனக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்று காலை தம்பியைத் தூக்கி வந்தவர்களும் நாலு பேர்தான். கம்பளியை மூங்கிலில் கட்டித் தூளியாக்கி, வலிப்பில் உதறும் உடம்பைத் துண்டால் சேர்த்துக் கட்டி, பனியில் வழுக்கும் ஒற்றையடிப் பாதையில் தார்ச்சாலை வரை ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்தார்கள். இருவர் தோட்டத்து வேலையாட்கள். ஒருவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர், வருடாவருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவை விடாதவர். இன்னொருவர் லாரிக் கிளீனர். முந்தின இரவு வண்டி பழுதாகி எங்கள் ஊரில் தங்கியவர், அதற்குமுன் எங்களை அறியாதவர். நால்வரில் ஞானஸ்நானம் பெற்றவர் ஒருவர்தான். சாலையில் வந்த காய்கறி வண்டியை மறித்து ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கும் வரை தம்பியின் தலையை மடியில் வைத்துத் திருகிப் பிடித்து, எச்சில் மூச்சுக்குழலுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டவர் அந்தக் கிளீனர். அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தம்பி உயிரோடு வந்துசேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று டாக்டர் சொன்னார்.

விசுவாசம் கேட்கப்பட்ட இடங்கள் வேதத்தில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. குருடரிடம் கேட்டார். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் வருந்தியவளிடம், உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்றார். ஆனால் அது குணமான பிறகு, நடுங்கிக்கொண்டு நின்றவளைத் தேற்றச் சொன்ன வார்த்தை. வந்த நோயாளி ஒருவனையோ ஒருத்தியையோ பார்த்து, உன் விசுவாசம் போதவில்லை, இப்படியே திரும்பிப் போ என்று அவர் அனுப்பிய இடம் நான்கு சுவிசேஷத்திலும் ஒன்றுகூட இல்லை. பிறகு நமக்கு மட்டும் அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

மருந்தையும் வேதம் எங்கேயும் பழிக்கவில்லை. எசேக்கியா ராஜாவுக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பூசச் சொன்னார். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு வைத்தியம் சொன்னார், மாம்சத்தில் முள் என்று தாமே சொன்ன வேதனை நீங்காமலே ஊழியம் செய்தார், துரோப்பீமுவை வியாதியாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று வெட்கப்படாமல் எழுதினார். அப்போஸ்தலனுடைய கூட்டாளி சுகமாகவில்லை. அதற்காக அவனுடைய விசுவாசத்தைப் பவுல் துருவவில்லை.

நம் கண்ணெதிரே இருக்கும் மலைகளிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை சேலத்தோடு இருந்த கொல்லிமலைக்கு ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதியர் நூறாண்டுக்கு முன்பே வந்தார்கள். ஜெபித்தார்கள், பல் பிடுங்கினார்கள், உடம்பில் புகுந்த நரம்புச் சிலந்திப் புழுவை வெளியே எடுத்தார்கள், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். 1929இல் ஜெஸ்ஸி மலைக் காய்ச்சலில் இறந்தார். எவலின் ஜெபிக்கத் தெரியாதவரா? விசுவாசம் குறைந்தவரா? கணவரை அந்த மலையிலேயே புதைத்துவிட்டு, மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் ஊர் திரும்பாமல், மட்டக்குதிரை மேலேறி மலைமலையாகச் சுற்றி, 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும் வரை நோயாளிகளைத் தேடித் தேடிப் போனார்.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவரானார். தொழுநோயாளிகளின் விரல்கள் மடங்கிப்போவதைச் சாபம் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்தார். மடங்கிய கைக்குள் பலமான பிடி இருந்தது. எல்லாத் தசையும் செத்துவிடவில்லை, நல்ல தசையைச் செயலிழந்ததன் வேலைக்குத் திருப்பிவிடலாம் என்று கண்டுகொண்டார். நல்ல தசையின் தசைநாரை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை மீண்டும் விரிய வைத்தார். உணர்ச்சியில்லாத விரலை இரவில் எலி கடித்துத் தின்றதைக் கண்டறிந்து நோயாளிகளுக்குப் பூனைகளை வளர்க்கக் கொடுத்தவரும் அவரே. அந்தப் பூனைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். ஒரு நோயாளி இரவில் எப்படித் தூங்குகிறான் என்பதுவரை யோசித்த அன்பு அது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். தயவுசெய்து பிரசங்கத்தில் குஷ்டரோகம் என்ற சொல்லைப் பாவத்துக்கு உவமையாக எடுக்காதீர்கள். பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்கும்போது வருவது வேறு. ஆனால் உங்கள் பாவம் குஷ்டம் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது, மாத்திரை முடித்து முற்றிலும் குணமான ஒருவர் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டு மருந்து சிகிச்சை ஆறு மாதமோ ஒரு வருடமோதான், இலவசம். தொடங்கியதுமே பிறருக்குப் பரவும் ஆபத்தும் பெரிதும் குறைந்துவிடுகிறது. நம் நாக்கில் இருக்கும் நோய்க்குத்தான் மாத்திரை இல்லை.

நல்ல ஊழியம் எப்படி இருக்கும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். 2004இல் எங்கள் வார்டுக்கு ஒரு உபதேசியார் வருவார். சைக்கிள்தான். அவருடைய சபை மலையடிவாரத்தில் சிறு கூரைக் கோயில், இருபது குடும்பம் இருந்தால் அதிகம். தறிவேலை பார்த்த ஒரு பெண்ணுக்குக் காசநோய். கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மாத்திரை தின்றால் குமட்டுகிறது என்று இரண்டு முறை பாதியில் நிறுத்தியவள். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும் என்று நாங்கள் அவளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனோம். உபதேசியார் அவளுடைய மருந்துப் பெட்டியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஏற்றுக்கொண்டார். அந்நாளில் வாரத்துக்கு மூன்று நாள் மாத்திரை. அந்த மூன்று நாளும் காலையில் அவர் மனைவி ஒரு முட்டையை அவித்து வைப்பார். அவள் வந்து முட்டையைத் தின்றுவிட்டு, அவர்கள் கண்முன் மாத்திரையை விழுங்குவாள். பிறகு மூவரும் முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். வராத நாளில் சைக்கிள் அவள் வீட்டு வாசலில் நிற்கும். சிகிச்சை முடியும்வரை இப்படித்தான். சளியில் கிருமி இல்லை என்று சீட்டு வந்த அன்று அந்தம்மா கோயிலில் சாட்சி சொன்னாளாம்: கர்த்தர் என்னைச் சுகப்படுத்தினார், உபதேசியார் வீட்டுக் கோழியும் உதவி செய்தது என்று. அதைப்போல ஒரு சாட்சியை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

இறந்துபோன யவீருவின் மகளை எழுப்பிய பிறகு கர்த்தர் என்ன சொன்னார் என்று பாருங்கள். இதை யாருக்கும் சொல்லாதீர்கள், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள். விளம்பரம் வேண்டாம், சோறு போடுங்கள். அந்த உபதேசியாருக்கு இது புரிந்திருந்தது.

நம் கூட்டங்களில் இன்று நடப்பது இதற்குத் தலைகீழ். சோறு இல்லை, விளம்பரம் உண்டு. மேடைக்கு ஏறும் பெண்ணின் முகத்தை மூன்று கேமராக்கள் பிடிக்கின்றன. அவள் தலைவிரி கோலமாய் விழுவதும், இரண்டு பேர் அவள் கையை முறுக்கிப் பிடித்துப் போ வெளியே என்று கத்துவதும் மறுநாள் ஆயிரம் கைப்பேசிகளில் ஓடுகிறது. அந்தப் பெண்ணுக்கு வந்திருப்பது மனநோய், மருந்தால் கட்டுப்படும். ஆனால் நாளைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அந்தக் காணொளியைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். திக்குவாயனான செவிடனைக் கர்த்தர் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துக்கொண்டுபோய்த்தான் தொட்டார். பெத்சாயிதாக் குருடனைக் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். நோயாளியின் மானம் அவருக்குப் பெரிதாக இருந்தது.

சாட்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குஷ்டரோகியைச் சுத்தமாக்கிய கர்த்தரே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார். ஆசாரியன் அந்நாளில் சோதித்துப் பார்க்கிற அதிகாரி. லேவியராகமச் சட்டப்படி நாள்கணக்கு வைத்துப் பார்ப்பான். என்னோடு வேலை பார்த்த கத்தோலிக்கத் தோழி லூர்து நகரைப் பற்றிச் சொல்வாள். பிரான்சில் 1858இல் தொடங்கிய அந்தத் திருத்தலத்தில், சுகமடைந்தேன் என்று வருகிறவர்களைச் சோதிக்கவே 1883இல் மருத்துவர்களைக் கொண்ட அலுவலகம் வைத்தார்கள். இதுவரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருக்கிறார்கள். திருச்சபை அற்புதம் என்று ஏற்றுக்கொண்டவை எழுபதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பல ஆண்டுகள் காத்திருந்து, நோய் திரும்பவில்லை என்று உறுதியான பிறகே அறிவிக்கிறார்கள். கர்த்தரின் பெயரால் ஒன்றைச் சொல்வதற்கு அவ்வளவு பயம் இருக்க வேண்டாமா? தம்பியை அன்றிரவே மேடையேற்றாமல் ஒரு வருடம் பொறுத்திருந்தால் அந்தச் சாட்சியே இருந்திருக்காது. கையும் இருந்திருக்கும்.

ஆகவே நான் கேட்பதெல்லாம் பெரிய காரியங்கள் அல்ல. கூட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும், உங்கள் வாயால், உதவியாளர் வாயால் அல்ல, ஒரு வார்த்தை சொல்லுங்கள்: டாக்டர் சொல்லாமல் ஒருவரும் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், இன்சுலினை நிறுத்தாதீர்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். முப்பத்தொரு வருடம் நான் சொல்லிக் கேட்காதவர்கள், நீங்கள் ஒருமுறை சொன்னால் கேட்பார்கள். உங்கள் குரலுக்கு அந்த வலு இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கூட்டத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால் அதைப் பிசாசு என்று மிரட்டாமல், கூட்டத்தை விலக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையில் சாவியைத் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்க்கத் தெரிந்த நாலு இளைஞர்களைப் பழக்கிவையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108ஐக் கூப்பிட வேண்டும். பழக்குவதற்கு நான் வருகிறேன், என்னைப்போல் ஓய்வு பெற்ற நர்சுகள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம். காசு வேண்டாம்.

காணிக்கையை நோயோடு முடிச்சுப் போடாதீர்கள். விதைத்தால்தான் அறுக்கலாம் என்று சொல்லி, வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் நாள் முழுவதும் குனிந்திருந்து சம்பாதித்ததைக் கவரில் வாங்காதீர்கள். குணமான படைத்தலைவன் நாகமானிடம் எலிசா தீர்க்கதரிசி ஒன்றும் வாங்கவில்லை. பின்னாலே ஓடிப்போய் வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்கு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும்.

பிறகு அந்த இரவின் முடிவைப் பற்றி. கூட்டம் முடிந்து கடைசி பாட்டும் பாடி விளக்கணைக்கும்போது, மலைக்குப் போகும் கடைசி பஸ் போயிருக்கும். நாகலூர்ப் பக்கத்திலிருந்தும் கொட்டச்சேட்டிலிருந்தும் வந்தவர்கள் நோயாளிகளோடு பஸ் நிலையத் தரையில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். அதிகாலைப் பணிக்குப் போகும்போது நான் கண்ணால் பார்த்தது. சுகம் பெற்றவர்கள் மேடையில் இருந்தார்கள். சுகம் பெறாதவர்கள் அங்கே கிடந்தார்கள். வீட்டுக்குப் போனதும் உன்னிடம் என்ன பாவம் இருக்கிறதோ என்று ஊரும் கேட்கும், உறவும் கேட்கும். ஒரு வேனையாவது ஏற்பாடு செய்ய முடியாதா? மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் சுவரொட்டிக்கும் ஆகும் செலவில் அது எத்தனையில் ஒரு பங்கு? மறுவாரம் அவர்கள் வீட்டுக்குப் போக முடியாதா? வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்றுதான் யாக்கோபு எழுதினார். எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியவர்கள் மூப்பர்கள். அரசாங்கமே 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. காசநோயாளிக்குச் சத்துணவுக்கென்று மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது. அந்தப் பணத்துக்கு எழுதிக்கொடுக்கத் தெரியாமல் எத்தனை பேர் விட்டுவிடுகிறார்கள் தெரியுமா? ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும் கை வைத்து ஜெபிப்பதும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

ஆராதனையில் சுகமாகாதவர்களுக்கும் இடம் வேண்டும். நாம் பாடுவதெல்லாம் வெற்றிப் பாட்டு. எண்பத்தெட்டாம் சங்கீதத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராதவனுடைய ஜெபம் அது, முடியும்போதும் இருட்டில்தான் முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. வருடம் முழுவதும் வலியோடு கோயிலுக்கு வருகிறவள் தன் வாயால் பாடுவதற்கு அந்த ஒரு பாட்டையாவது அவளுக்குக் கொடுங்கள்.

தம்பிக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. மாத்திரை மாறியிருக்கிறது, வலிப்பு வந்து பதினேழு வருடம் ஆகிறது. இரண்டு விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. இடது கையால் பழம் பறிக்கப் பழகிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை என்னோடு கோயிலுக்கு வருவான், உள்ளே வரமாட்டான். வாசற்படியில் உட்கார்ந்து பாட்டுகளைக் கேட்பான். மூன்றாவது பாட்டுக்கு மேல் அவனும் சேர்ந்து பாடுவது உள்ளே எனக்குக் கேட்கும், இன்னமும் நல்ல குரல். முப்பது வருடமாக ஒரு ஆயரும் அந்தப் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. கைகுலுக்கிவிட்டுப் போவார்கள், இடது கையை நீட்டுவான்.

மலைக்கு வரும்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஒண்டிக்கடையில் இறங்கி யாரிடம் கேட்டாலும் பழைய நர்சம்மா வீட்டைக் காட்டுவார்கள். சொல்லிவிட்டு வரவேண்டியதில்லை, மாலையில் தம்பி இருப்பான். அவனே காபி போட்டுக் கொடுப்பான், எங்கள் கொல்லையில் காய்த்த கொட்டையை அரைத்து. அடுப்பின் பக்கம் போக இன்றும் அவனுக்குப் பயம் இல்லை.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
ஏற்காடு.